நுரையீரல் கேன்சர் பயாப்சி பிளாக்கை ஏஜென்ட் கையில் கொடுத்துவிடாதீர்கள்

எங்களுக்கு கோபி பக்கம். அம்மாவுக்கு 58 வயது, பீடி சிகரெட் வாசமே ஆகாது. நாலு மாத இருமலுக்கு அப்புறம் கோவையில் சி.டி. ஸ்கேன் பார்த்தபடியே ஊசி விட்டு பயாப்சி எடுத்தார்கள். அடினோகார்சினோமா, நுரையீரல் கேன்சரில் ஒரு வகை, நாலாவது ஸ்டேஜ். டாக்டர் சீட்டில் ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே., ஆர்.ஓ.எஸ்.1, பி.டி.எல்.1 என்று கட்டியின் ஜீனையும் புரதத்தையும் பார்க்கும் நாலு டெஸ்ட் எழுதி, இது வந்தால்தான் என்ன மருந்து என்று முடிவு செய்ய முடியும் என்றார்.

அந்தச் சீட்டோடு மருந்துக்கடை வரிசையில் நின்றபோதுதான் ஒரு லேப் ஏஜென்ட் பேச்சுக் கொடுத்தார். "அக்கா, இதெல்லாம் வெறும் ஜீன் பார்க்கிறதுங்க. எங்க லேப்ல அம்மாவோட கேன்சர் செல்லை உயிரோட வளர்த்து, ஒவ்வொரு மருந்தா ஊத்திப் பார்த்து, எது கொல்லுதுன்னு சொல்லிருவோம். டாக்டர் எழுதினதும் இதுக்குள்ளயே அடக்கங்க." 68,000 ரூபாய். அப்பா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "மஞ்சள் போட்ட காசு இருக்குது கண்ணு, கட்டிரு" என்றார். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டு, பயாப்சி சதையை மெழுகில் பதித்து வைத்திருந்த ஒரே பிளாக்கை வாங்கி நானே அவரிடம் கொடுத்தேன்.

17 நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. வழவழ காகிதத்தில் 14 மருந்து, ஒவ்வொன்றுக்கும் பச்சையிலோ சிவப்பிலோ ஒரு பட்டை. கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்து 71 சதவீதம், பச்சை. கெஃபிடினிப் என்ற மாத்திரை 12 சதவீதம், சிவப்பு, 'பலனில்லை'. டாக்டர் முன்னும் பின்னும் புரட்டிவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: "ஈ.ஜி.எஃப்.ஆர். எங்கம்மா? இவங்க எதை வாங்கிட்டுப் போனாங்க, பிளாக்கையா?"

ஆமாம் என்றேன். அப்புறம் அவர் விளக்கினார். பயாப்சியில் எடுத்த சதையை உடனே ஃபார்மலினில் போடுவார்கள். அதிலேயே செல் எல்லாம் செத்துவிடும். அதன் பிறகுதான் மெழுகில் பதித்து பிளாக் ஆக்குகிறார்கள். அதற்குள் இருக்கும் ஜீனைப் படிக்கலாம், புரதத்துக்குச் சாயம் ஏற்றிப் பார்க்கலாம். ஆனால் அதிலிருந்து ஒரு செல்லைக்கூட வளர்க்க முடியாது. வறுத்த கடலையை விதைத்து முளைக்கவைத்தேன் என்று சொல்வது மாதிரிதான் அது. 14 மருந்துக்கும் போட்ட சதவீதம் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை அந்த லேப் பதில் சொல்லவில்லை.

உயிருள்ள செல்லில் மருந்தைப் போட்டுப் பார்க்கும் சோதனை என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறது. அதற்கு ஃபார்மலின் படாத புதுச் சதை வேண்டும். அப்படிச் செய்தாலும், அதை வைத்துக் கீமோ மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், ஆராய்ச்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2004-லும் 2011-லும் சொல்லியிருக்கிறது. ஏஜென்ட் 'வெறும் ஜீன்' என்று தள்ளிவிட்ட சோதனைக்குத்தான் ஆதாரம் இருக்கிறது. கட்டியின் ஈ.ஜி.எஃப்.ஆர். ஜீனில் மாற்றம் இருந்தவர்களுக்குக் கெஃபிடினிப் கீமோவைவிட நன்றாக வேலை செய்தது, மாற்றம் இல்லாதவர்களுக்குக் கீமோதான் மேல் என்று 2009-ல் வெளியான ஆசிய ஆய்வு தெளிவாகக் காட்டியது. புகை பிடிக்காத பெண்களிடம் இந்த மாற்றம் அதிகம் என்பதால்தான் டாக்டர் அதை முதலில் எழுதியிருந்தார்.

பிளாக்கைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். கொடுக்கும்போது மெழுகுக்குள் நூல் துண்டு மாதிரி வெள்ளையாக இரண்டு கோடு இருந்தது. இப்போது ஒரு கடுகு அளவுப் புள்ளி. சோதனைக்கு மைக்ரான் கணக்கில் மெல்லிய சீவலாக எடுப்பார்கள். எதற்கென்றே தெரியாமல் சீவித் தீர்த்திருக்கிறார்கள். அந்த ஜீன் மாற்றத்தை ரத்தத்தில் தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை. ரத்தத்தில் தெரியாததால் கட்டியிலும் இல்லை என்று ஆகிவிடாதாம். மறுபடி பயாப்சி. "மறுக்காவும் ஊசியா கண்ணு?" என்று அம்மா கேட்டபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அந்தத் தடவை நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்து இரண்டு நாள் அட்மிட் ஆக வேண்டியதாயிற்று.

இரண்டாவது சதையில் ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருந்தது, எக்ஸான் 19 டெலீஷன், அதாவது அந்த ஜீனில் ஒரு சிறு துண்டு விட்டுப்போன வகை. ரிப்போர்ட்டில் சிவப்புப் பட்டை போட்ட அதே கெஃபிடினிப்பைத்தான் அம்மா இப்போது தினம் ஒன்று சாப்பிடுகிறார். ஏழாவது வாரத்தில் படுத்துத் தூங்க முடிந்தது. அதுவரை தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூக்கம். நோயே போய்விடும் என்று டாக்டர் சொல்லவில்லை, நாளடைவில் கட்டி இந்த மாத்திரைக்கும் பழகிவிடும் என்றும் சொல்லிவிட்டார். அது தெரிந்ததிலிருந்து, வீணாய்ப்போன இரண்டு மாதத்தை நினைத்தால் வயிறு எரிகிறது.

பிளாக் உங்கள் உடம்பிலிருந்து எடுத்தது. வெளியே கொடுக்கும் முன் போட்டோ எடுங்கள். டாக்டர் எழுதிய டெஸ்ட்டின் பெயர் லேப் ரசீதில் அப்படியே இருக்க வேண்டும். லேபுக்கு, லேப்களின் தரத்தைப் பார்க்கும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரம் இருப்பது மட்டும் போதாது, அந்த அங்கீகாரப் பட்டியலில் அந்தக் குறிப்பிட்ட டெஸ்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள். முக்கியமாக, எத்தனை சீவல் எடுப்பீர்கள், மிச்சம் இருக்குமா என்று கேளுங்கள்.

நாங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். நாம் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். எங்கள் ரசீதில் 'சிறப்புப் பரிசோதனை, 68,000' என்று மட்டும்தான் இருக்கிறது. இதே மாதிரி பச்சை சிவப்புப் பட்டை ரிப்போர்ட் யார் கையிலாவது இருந்தால், அதையும் ரசீதையும் திரும்பி வந்த பிளாக்கையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.