ஃப்ரீகோட்கேம்ப்பா, ஓடின் ப்ராஜெக்ட்டா? வெப் டெவலப்மென்ட்டை எங்கே தொடங்கலாம்

பி.காம். முடித்த என் சித்தி மகள் போன வருடம் வந்து, "அண்ணா, வெப்சைட் செய்யக் கத்துக்கணும். காசு கட்டிச் சேர முடியாது. எங்க ஆரம்பிக்கட்டும்?" என்று கேட்டாள். அவளிடம் இருந்தது 4 ஜிபி ரேம் உள்ள பழைய விண்டோஸ் லேப்டாப்.

காசு வாங்காமல், முதல் பாடத்திலிருந்து வரிசையாகக் கூட்டிப்போகும் இணையதளங்கள் என்று நான் நம்பிக் கைகாட்டுவது இரண்டு. குவின்சி லார்சன் 2014-ல் தொடங்கிய ஃப்ரீகோட்கேம்ப் ஒன்று. எரிக் டிராட்மேன் 2013-ல் தொடங்கிய ஓடின் ப்ராஜெக்ட் இன்னொன்று. எச்.டி.எம்.எல். (பக்கத்தின் கட்டமைப்பு), சி.எஸ்.எஸ். (அதன் தோற்றம்), ஜாவாஸ்கிரிப்ட் (அதை இயங்க வைக்கும் மொழி) என்று இரண்டும் சொல்லித்தருவது ஒன்றுதான். சொல்லித்தரும் விதத்தில்தான் பெரிய வித்தியாசம். ஒரு பக்கத்தில் படம் வைக்கும் பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலே அது தெரிந்துவிடும்.

ஃப்ரீகோட்கேம்ப்பில் பூனைப் படங்களுக்கு ஒரு பக்கம் செய்யச் சொல்வார்கள். ப்ரௌசரிலேயே ஒரு பக்கம் விளக்கம், நடுவில் கோட் எழுதும் கட்டம், இன்னொரு பக்கம் அதன் தோற்றம். படத்தின் முகவரியைப் பாடமே கொடுத்துவிடும். அதை எடுத்து இமேஜ் டேக்குக்குள் (பக்கத்தில் படம் வைக்கும் எச்.டி.எம்.எல். குறி) போட்டுச் சரிபார்க்கும் பட்டனை அழுத்தினால் பூனை வந்துவிடும். தப்பாக எழுதியிருந்தால் எதை விட்டோம் என்று அங்கேயே சொல்லும். எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். பக்கத்து வீட்டு கம்ப்யூட்டரில் ஒரு மணி நேரம் கிடைத்தால்கூட நாலு படி ஏறிவிடலாம்.

ஓடினில் அந்தக் கட்டமே கிடையாது. உங்கள் லேப்டாப்பில் ஒரு ஃபோல்டர், அதற்குள் படங்களுக்கு இன்னொரு ஃபோல்டர். எந்த ஃபோல்டரில் இருந்துகொண்டு எந்த ஃபோல்டரைக் கூப்பிடுகிறோம் என்று நீங்களே பாதை எழுத வேண்டும். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் படம் வராது. ஏன் வரவில்லை என்று பாடம் சொல்லாது, நாமே தேட வேண்டும். அதற்கும் முன்பாக கோட் எழுத விஎஸ் கோட், கட்டளைகளை டைப் செய்ய டெர்மினல், செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்க கிட், அவற்றை இணையத்தில் வைக்க கிட்ஹப் எல்லாவற்றையும் தயார்செய்யச் சொல்வார்கள். விண்டோஸை அப்படியே வைத்துப் படிக்க விடமாட்டார்கள். லினக்ஸ், மேக் அல்லது விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூ.எஸ்.எல். வேண்டும் என்பார்கள். முதல் வாரத்திலேயே பலர் கைவிடுவது இங்கேதான் என்று நினைக்கிறேன்.

என் சித்தி மகள் ஃப்ரீகோட்கேம்ப்பில் ஒரு மாதம் நன்றாகவே போனாள். அப்புறம் சான்றிதழுக்கான ப்ராஜெக்ட் வந்தது, ஒரு சர்வே ஃபார்ம். அதில் படிப்படியாகச் சொல்லமாட்டார்கள். என்னென்ன இருக்க வேண்டும் என்ற பட்டியல் மட்டும்தான். வெறும் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாள். டேக் எல்லாம் தெரியும், எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. அவளை ஒரு குறையும் சொல்ல மாட்டேன். கைபிடித்து நடந்த பழக்கம் அப்படி.

அங்கேதான் ஓடினுக்கு மாற்றிவிட்டேன். அந்த லேப்டாப்புக்கு லினக்ஸ் இப்போது வேண்டாம், எச்.டி.எம்.எல். முடியட்டும் என்று நானே சொன்னேன். முதல் ப்ராஜெக்ட் சமையல் குறிப்புப் பக்கங்கள். அவள் பெரியம்மாவின் கருவாட்டுக் குழம்பை எழுதி, போனில் எடுத்த படத்தையும் போட்டாள். லேப்டாப்பில் அழகாக வந்தது. கிட்ஹப் பேஜஸில் (பக்கத்தை இணையத்தில் வெளியிடும் கிட்ஹப் வசதி) ஏற்றியதும் படம் இருந்த இடத்தில் உடைந்த சின்னம்தான் இருந்தது. ஒரு மாலை முழுக்கத் தேடினோம். ஃபைலின் பெயரில் பெரிய கே, கோடில் சின்ன கே. விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். கிட்ஹப் பேஜஸ் அப்படி விடாது. லினக்ஸில் படியுங்கள் என்று ஓடின்காரர்கள் ஏன் சொல்கிறார்கள் என்பது அவளுக்கு அன்றைக்குப் புரிந்தது. அவசரப்பட்டு வேண்டாம் என்று சொன்ன எனக்கும்தான்.

கோச்சிங் சென்டர் எப்படி என்று கேட்பவர்களுக்கு: பல வருடம் முன்பு நானே ஒன்றில் மூன்று மாதம் படித்தேன். சார் திரையில் காட்டுவதைப் பார்த்து அவர்கள் மெஷினில் டைப் செய்தோம். வீட்டுக்கு வந்து தனியாக ஒரு பக்கம்கூட என்னால் செய்ய முடியவில்லை. தினமும் ஒரே நேரத்துக்குப் போய் உட்கார்ந்தால்தான் படிப்பு ஓடும் என்பவர்களுக்கு அது உதவலாம். யூடியூபைப் பொறுத்தவரை, தமிழில் நல்ல வீடியோக்கள் இருக்கின்றன. புரியாத ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளப் பாருங்கள், அதையே பாடத்திட்டமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

மொழியையும் யோசிக்க வேண்டும். ஃப்ரீகோட்கேம்ப்பில் ஒரு படிக்கு நாலைந்து வரி ஆங்கிலம் படித்தால் போதும். ஓடினில் ஒவ்வொரு பாடமும் நீளம், அது போதாதென்று வெளியே மூன்று கட்டுரை படித்துவிட்டு வா என்பார்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இது உண்மையிலேயே சுமைதான். எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். பற்றிக் கணியம் என்ற தமிழ்த் தொழில்நுட்ப இதழ் எளிய தமிழில் இலவச மின்னூல்கள் வெளியிட்டிருக்கிறது. ஒரு வாரம் அவற்றைப் படித்துவிட்டுப் போனால் ஆங்கிலப் பாடம் பாதி தெரிந்த கதைபோல இருக்கும்.

சான்றிதழ் ஃப்ரீகோட்கேம்ப்பில் இலவசமாகக் கிடைக்கும், ஓடினில் கிடையாது. ஓடினில் கையில் மிஞ்சுவது கிட்ஹப்பில் வரிசையாக நிற்கும் ப்ராஜெக்ட்கள். கல் காகிதம் கத்தரி விளையாட்டு, கால்குலேட்டர் என்று அடிப்படைப் பாடங்களிலேயே சில சேர்ந்துவிடும். அதற்கப்புறம் ரூபி ஆன் ரெய்ல்ஸ் (ரூபி மொழியில் எழுதும் வழி), ஜாவாஸ்கிரிப்ட் என்று இரண்டு வழி பிரியும். கண்ணில் படும் முன்பக்கத்துக்கும் பின்னால் இயங்கும் சர்வருக்கும் ஒரே மொழி போதும் என்பதால் நான் ஜாவாஸ்கிரிப்ட்டைத்தான் சொல்வேன்.

சொந்த லேப்டாப் இருந்து, ஆங்கிலத்தில் நீளமாகப் படிக்க முடியும் என்றால் நேராக ஓடினுக்குப் போங்கள். இரவல் மெஷின் என்றாலோ, கோட் என்றாலே பயம் என்றாலோ, ஃப்ரீகோட்கேம்ப்பில் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். மட்டும் ஒன்றிரண்டு மாதம். முதல் சர்வே ஃபார்மைத் தட்டுத்தடுமாறியாவது முடித்துவிட்டு மாறுங்கள். இரண்டையும் ஒரே சமயத்தில் வைத்துக்கொண்டு அலைய வேண்டாம்.

அன்றைக்கு அந்தக் குழம்புப் படத்தின் பெயரைத் திருத்தி மறுபடி ஏற்றியபோது இரவு பத்தரை. கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் படம் வந்தது. உடனே என் சித்தி மகள் அந்த முகவரியைப் பெரியம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். "புளி கொஞ்சம் அதிகமா போட்டிருக்க" என்று பதில் வந்தது. அப்போதே கோட் ஃபைலைத் திறந்து அளவை மாற்றினாள்.