டாம் அண்ட் ஜெர்ரி கோல்டன் கலெக்‌ஷன், முதல் தொகுதி: வெட்டுப்படாத 37 படங்கள்

வார்னர் நிறுவனம் 2011-இல் ப்ளூ-ரேயில் வெளியிட்ட இந்தத் தொகுப்பில், எம்.ஜி.எம். ஸ்டுடியோவில் வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் 1940 முதல் 1948 வரை உருவாக்கிய முதல் 37 குறும்படங்கள், வெளிவந்த வரிசையிலேயே, எதுவும் வெட்டப்படாமல் இரண்டு தட்டுகளில் அடங்கியுள்ளன. அவற்றில் நான்கு படங்கள் ஆஸ்கர் வென்றவை. படத்தின் தெளிவு குறித்துக் குறைசொல்ல ஒன்றுமில்லை. இதை வாங்கலாமா என்ற கேள்விக்கு விடை வேறோர் இடத்தில், அதாவது அந்த வீட்டில் வேலை செய்யும் கறுப்பினப் பெண்ணின் குரலில் இருக்கிறது.

முதல் படத்திலேயே அவர் வந்துவிடுகிறார். செருப்பணிந்த பருத்த கால்களும் பாவாடை விளிம்பும் தெரிகின்றன, முகம் தெரிவதில்லை. இன்னும் ஒரு பொருளை உடைத்தால் வெளியே போகவேண்டியதுதான் என்று பூனையை (அப்போது அதன் பெயர் ஜாஸ்பர்) மிரட்டி, 'அவுட்' என்ற சொல்லை ஓ, டபிள்யூ, டி என்று தவறாக எழுத்துக்கூட்டுகிறார். எலி கண்ணாடிக் கோப்பையை மேசை விளிம்பில் நீட்டிப் பிடித்துப் பூனையை ஆட்டிவைக்கும் அருமையான நகைச்சுவை முழுவதும் அந்த மிரட்டலின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது; ஆயினும் கறுப்பினத்தவருக்கு எழுதப்படிக்கத் தெரியாது என்ற ஏளனமும் அதே வரியில் ஒட்டிக்கொண்டுள்ளது. ஒன்றைப் பிரித்தெடுத்து ரசிக்க என்னால் முடியவில்லை.

அந்தக் குரலுக்குரியவர் லிலியன் ராண்டால்ஃப், வானொலியிலும் திரைப்படங்களிலும் பெயர்பெற்ற நடிகை. முதல் படத்தின் பெயர் அட்டையில் தயாரிப்பாளர் ருடால்ஃப் ஐசிங் பெயர் மட்டும் இருப்பதால் ஹன்னாவும் பார்பெராவும்கூட அதில் விடுபட்டவர்களே. ஆனால் அடுத்தடுத்த படங்களில் அவர்கள் பெயர் வந்துவிட்டது, ராண்டால்ஃபின் பெயர் வரவேயில்லை. 1960-களில் தொலைக்காட்சிக்காக இப்பாத்திரத்தை ஒல்லியான வெள்ளைக்காரப் பெண்ணாக மாற்றி வரைந்து, குரலையும் மாற்றினார்கள். 1990-களில் தியா விடேல் என்ற நடிகையைக் கொண்டு மறுபடியும் குரல் மாற்றினார்கள். இழிவை நீக்குவதாகச் சொல்லி நீக்கப்பட்டது, இப்படங்களில் ஒலித்த ஒரு கறுப்பினக் கலைஞரின் உழைப்பு. இத்தொகுப்பில் அவர் குரலே மீண்டும் கேட்கிறது என்பதற்காகவே இதை வாங்கலாம் என்பேன்.

எல்லாவற்றையும் அவ்வாறு காக்கவேண்டுமா என்றால், 1946-ஆம் ஆண்டின் 'தி மில்கி வெய்ஃப்' படத்தில் ஜெர்ரியும் குட்டி எலியும் ஷூ பாலிஷைப் பூசிக்கொண்டு கறுப்பினத் தம்பதியாக வேடமிட்டு நழுவும் காட்சி சிரிப்பை வரவழைக்கவில்லை. குழந்தைகளோடு பார்ப்பவர்கள் அங்கே நிறுத்தி இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் தொடர்வது நல்லது. தொடக்கத்தில் வரும் எச்சரிக்கை வாசகத்தைப் பிள்ளைகள் படிக்கப்போவதில்லை.

இரண்டாம் தொகுதி 2013-இல் வருவதாக அறிவிக்கப்பட்டு, இதேபோன்ற கறுப்பின வேடக் காட்சிகள் கொண்ட 'மவுஸ் கிளீனிங்', 'காசனோவா கேட்' ஆகிய இரண்டு படங்களும் அதில் இடம்பெறாது என்று தெரிந்ததும் ரசிகர்கள் கொதித்தெழ, வெளியீடே நிறுத்தப்பட்டது. வரிசைப்படி 'மவுஸ் கிளீனிங்' 38-ஆவது படம். இந்தத் தொகுப்பு அதற்கு முந்தைய படத்தோடு நின்றுவிடுகிறது.