ஹேமர் டிரில்லா, ரோட்டரி ஹேமரா, கார்ட்லெஸ்ஸா? முதலில் சுவரைப் பாருங்கள்

வீட்டுக்கு ஒரு டிரில்லிங் மெஷின் வாங்க வேண்டும், எது நல்லது என்று கேட்டு வருபவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வீட்டுச் சுவர் என்ன சுவர்? பெரும்பாலும் பதில் வராது. எத்தனை வாட், எந்தக் கம்பெனி, எவ்வளவு தள்ளுபடி என்றெல்லாம் பார்த்து வைத்திருப்பார்கள். சுவரைத் தட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். வடசென்னையில் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகவே முடியாது. ஒரே தெருவில் மூன்று காலத்துச் சுவர் நிற்கும் ஊர் இது.

ராயபுரம், மண்ணடி, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் தாத்தா காலத்து வீடு என்றால் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். மேலே தேக்கு உத்தரத்தில் செங்கல்லை நெட்டாக அடுக்கிய மெட்ராஸ் டெரஸ். அதை ஒட்டி, முப்பது நாற்பது வருஷத்துக்கு முன் எழுப்பிய வீட்டில் கான்கிரீட் தூண், பீம், நடுவில் செங்கல், அதன்மேல் சிமெண்ட் பூச்சு. மாதவரம், பெரம்பூர், மணலிப் பக்கம் புதிதாக வரும் அடுக்குமாடிகளில் ஃபிளை ஆஷ் கல் இருக்கலாம், காற்றுக் குமிழிகள் நிறைந்த, பஞ்சு மாதிரி லேசான ஏஏசி பிளாக் இருக்கலாம், சுவர் முழுக்கவே கான்கிரீட் வார்த்ததாகவும் இருக்கலாம்.

தெரிந்துகொள்வது சுலபம். கண்ணில் படாத இடத்தில், அலமாரிக்குப் பின்னாலோ பரணுக்கு மேலோ, 5 மில்லிமீட்டர் பிட்டால் (மெஷினில் மாட்டித் துளைக்கும் அலகு) ஒரு சின்ன ஓட்டை போடுங்கள். அடியில் மடித்த காகிதத்தை ஒட்டி, விழும் தூளைப் பாருங்கள். முதல் 12 முதல் 20 மில்லிமீட்டர் வரை பெரும்பாலான வீடுகளில் பூச்சுத் தூள்தான் வரும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அதற்கு அப்புறம் சிவப்பாக வந்தால் செங்கல். வெளுத்து, மாவு போல, பிட் வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் பழைய காரை இணைப்பில் இறங்கியிருக்கிறீர்கள். சாம்பல் நிறத்தில், பிட் முன்னேறாமல் கிறீச்சிட்டால் கான்கிரீட். வெள்ளையாக, கொஞ்சம் கரகரப்பாக, எந்த எதிர்ப்பும் இல்லாமல் கொட்டினால் ஏஏசி.

இப்போது மெஷின்களுக்கு வருவோம். கடையில் ‘ஹேமர் டிரில்’ என்று கேட்டால் கையில் கொடுப்பது இம்பேக்ட் டிரில். ரோட்டரி ஹேமர் வேறு ஜாதி. வெளியே பார்க்க இரண்டும் துப்பாக்கி போலத்தான் இருக்கும். உள்ளே நடப்பதில் சம்பந்தமே இல்லை.

இம்பேக்ட் டிரில்லுக்குள் பல் வெட்டிய இரண்டு சில்லுகள் இருக்கின்றன. ஒன்றின் பல் மேல் இன்னொன்றின் பல் ஏறி இறங்கும்போது பிட் முன்னும் பின்னும் துள்ளுகிறது. 500 வாட் மெஷின் ஒன்று நிமிடத்துக்கு 2,600 சுற்று வரை சுற்றும், 40,000 தடவைக்கு மேல் துள்ளும். எண்ணிக்கையைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு துள்ளலும் ரொம்பச் சின்னது. பின்னாலிருந்து நீங்கள் சாய்ந்து அழுத்தினால்தான் அது அடியாகவே மாறும். செங்கல்லுக்கு இது தாராளமாகப் போதும். நல்ல கான்கிரீட்டில் தோள் வலிக்கும், பிட்டின் முனை சூடேறி நிறம் மாறும், ஓட்டை பாதியில் நிற்கும்.

ரோட்டரி ஹேமருக்குள் ஒரு சிலிண்டரும் பிஸ்டனும் உண்டு. மோட்டார் பிஸ்டனை ஓட்டுகிறது. பிஸ்டனுக்கு முன்னால் அடைபட்ட காற்று ஓர் இரும்புத் துண்டை வீசி பிட்டின் பின்புறத்தில் அடிக்கிறது. நிமிடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் அடிதான். ஆனால் வீட்டு உபயோக அளவு மெஷினிலேயே ஒவ்வோர் அடியும் 2 முதல் 3 ஜூல் வரை இருக்கும். ஒரு கிலோ எடையை ஓர் அடி உயரத்திலிருந்து போட்டால் எவ்வளவு ஆற்றலோ, கிட்டத்தட்ட அவ்வளவு. அழுத்தவே கூடாது, பிடித்துக்கொண்டால் போதும். அழுத்தினால் அடி குறையும். கான்கிரீட்டில் 8 மில்லிமீட்டர் ஓட்டையை நிதானமாக, சில நொடிகளில் போட்டுவிடும். பிட்டும் வேறு: பின்பகுதியில் காடி வெட்டிய எஸ்டிஎஸ் பிளஸ் பிட், 10 மில்லிமீட்டர் தண்டு, சாவி போட்டு முறுக்காமல் சொருகினால் பிடித்துக்கொள்ளும். 1975-ல் ஹில்டியும் பாஷும் சேர்ந்து கொண்டுவந்த இந்த ஏற்பாட்டில் பிட் தன் இடத்திலேயே முன்பின் வழுக்குகிறது. அதனால் அடி, பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக்கில் வீணாகாமல் நேராகச் சுவருக்குப் போகிறது.

அப்படியானால் ரோட்டரி ஹேமரையே வாங்கிவிடலாமே என்று தோன்றும். பழைய வீட்டுக்காரர் என்றால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். காரைச் சுவரில் அந்த அடி அடித்தால் 8 மில்லிமீட்டர் பிட்டுக்கு 11, 12 மில்லிமீட்டர் குழி வரும், பூச்சு தட்டுத் தட்டாக உரியும். ஸ்க்ரூவைச் சுவரில் பிடிக்கவைக்கும் ராவல் பிளக்கைப் போட்டு ஸ்க்ரூவைத் திருகினால் பிளக்கும் சேர்ந்து சுற்றும். அந்தச் சுவருக்கு வேண்டியது நேர் எதிரானது: ஹேமரை அணைத்துவிட்டு, மெதுவான வேகத்தில், வெறும் சுழற்சியில் இறக்க வேண்டும். இணைப்பை விட்டுவிட்டுச் செங்கல்லின் நடுவில் போட வேண்டும். ஏஏசி பிளாக்குக்கும் இதே முறைதான், பிளக் மட்டும் அதற்கென்றே வருவதை வாங்க வேண்டும். இம்பேக்ட் டிரில்லில் ஹேமரை அணைக்கும் தள்ளுபித்தானும், விரல் அழுத்தத்துக்கு ஏற்ப வேகம் கூடும் டிரிக்கரும் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். இந்த இரண்டும் இல்லாத மெஷினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

இன்னொரு விஷயம், ஜன்னல் கிரில், இரும்புக் கேட், பிளைவுட். இரும்பில் 3 மில்லிமீட்டர் ஓட்டை சுத்தமாக விழ வேண்டுமென்றால் ஆடாத சக் வேண்டும். ரோட்டரி ஹேமரில் தனியாக ஒரு சக் மாட்டி ஓட்டலாம், ஆனால் முனை தள்ளாடும். இங்கே இம்பேக்ட் டிரில்தான் கெட்டி.

பாரிமுனையில் டூல்ஸ் கடைகளை விசாரித்தால், பெயர் தெரிந்த கம்பெனி இம்பேக்ட் டிரில் ஏறக்குறைய இரண்டாயிரம் முதல் நாலாயிரம் ரூபாய்க்குள் இருக்கும். அதே தரத்தில் ரோட்டரி ஹேமர் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. கடைக்காரர், “என்ன வேலைண்ணே, செங்கல்லா காங்கிரீட்டா?” என்று கேட்டுவிட்டு மெஷினை எடுத்தால் அந்தக் கடையில் தாராளமாக வாங்கலாம். கேட்காமல் விலை உயர்ந்ததை எடுத்து நீட்டினால் பக்கத்துக் கடைக்குப் போங்கள்.

என் தீர்ப்பு இதுதான். செங்கல் வீடு, பழையதோ புதியதோ, இம்பேக்ட் டிரில்லைச் சொந்தமாக வாங்குங்கள். கான்கிரீட்டில் வேலை வரும் நாளுக்கு மட்டும் ரோட்டரி ஹேமரை நாள் வாடகைக்கு எடுங்கள். சுவர் முழுக்கக் கான்கிரீட் வார்த்த அடுக்குமாடி என்றால் தலைகீழாக: ரோட்டரி ஹேமரையே வாங்குங்கள், வாழ்நாள் முழுக்க உழைக்கும்.

பேட்டரியில் ஓடும் கார்ட்லெஸ்? ஸ்க்ரூ முடுக்க, கீல் மாற்ற, கர்டன் ராடு மாட்ட, ஏணி மேல் ஒரு கையால் வேலை செய்ய அதற்கு நிகர் இல்லை. பராமரிப்புக்காக நாள் முழுக்கக் கரண்ட் நிறுத்தும் அன்றைக்கும் ஓடும். ஆனால் வருஷத்துக்கு இரண்டு தடவை தொடுபவர்களுக்கு நான் சிபாரிசு செய்வதில்லை. லித்தியம் பேட்டரி, பயன்படுத்தினாலும் படுத்துக் கிடந்தாலும் வயதாகும். வெயில் காலத்தில் ஷீட் போட்ட கூரைக்கு அடியில் வைத்தால் இன்னும் சீக்கிரம். 12 வோல்ட் மெஷினில் ஹேமர் குறி போட்டிருந்தாலும் அது செங்கல்லோடு சரி. தச்சு வேலையில் ஆசை இருந்தால் இரண்டாவது மெஷினாக வாங்குங்கள்.

கூரை தனிக் கதை. மழைக்காலத்தில் துணி காயப்போட கப்பி வைத்த கொடி மாட்டாத வீடு இப்போது குறைவு. மெட்ராஸ் டெரஸில் செங்கல்லைத் தொடவே கூடாது, தேக்கு உத்தரத்தில் மர ஸ்க்ரூ போட்டுத் தொங்கவிட வேண்டும். கான்கிரீட் கூரையென்றால் ரோட்டரி ஹேமர், சந்தேகமே வேண்டாம். தலைக்கு மேல் அழுத்திப் போடும் வேலைக்கு இம்பேக்ட் டிரில் ஆகாது. ஃபேன் பாக்ஸிலிருந்து சுவருக்குப் போகும் கரண்ட் பைப் கூரைக்குள்ளேயே புதைந்திருக்கும், அந்தக் கோட்டை விட்டு விலகுங்கள். கான்கிரீட்டுக்குள் வைத்த இரும்புக் கம்பியும் 20, 25 மில்லிமீட்டர் ஆழத்திலேயே இருக்கும். சத்தம் மாறி, பிட் நின்ற இடத்திலேயே சுற்றினால் கம்பியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். நிறுத்திவிட்டு இரண்டு அங்குலம் தள்ளிப் போடுங்கள். கைவிட்ட ஓட்டையை அப்படியே திறந்து போடாதீர்கள். காசிமேடு, திருவொற்றியூர் போலக் கடலை ஒட்டிய இடத்தில் உப்புக்காற்று அந்த வழியாகக் கம்பிக்குப் போகும். துரு பிடித்த கம்பி பருத்து, கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளும். சுருங்காத கிரவுட்டோ (சிமெண்ட் கலவை) எபாக்சிப் பசையோ வைத்து அடைத்துவிடுங்கள்.

ஸ்க்ரூவுக்கும் இதே கதிதான். மஞ்சள் முலாம் பூசிய சாதா ஸ்க்ரூ கடற்காற்றில் சீக்கிரமே சுவரில் பழுப்புக் கண்ணீர் விடும். வீட்டுக்குள் எஸ்எஸ் 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒரு ரகம்) போதும். மொட்டைமாடி, பால்கனி, ஏசி வெளி யூனிட் என்றால் 316 வாங்குங்கள். உப்பைத் தாங்குவதற்காகவே அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்க்கிறார்கள். கூடுதல் செலவு கொஞ்சம்தான், பிடித்திருக்கப்போவது தலைக்கு மேல் தொங்கும் பாரம்.

மெஷினையும் உப்பு விடாது. வேலை முடிந்ததும் சக்கைத் துடைத்து ஒரு சொட்டு மெஷின் ஆயில், மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம், இடம் பரண். தரையில் வேண்டாம்: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தரைத்தளத்து வீடுகளில் தண்ணீர் எவ்வளவு வேகமாக ஏறியது என்று நம் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நனைந்த மெஷினைப் பிரித்துக் காயவைக்காமல் பிளக்கில் சொருகக் கூடாது. வீட்டில் கரண்ட் கசிந்தால் உடனே நிறுத்தும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால், டிரில் வாங்குவதற்கு முன் அதைப் போடுங்கள்.

வாடகைக்கு எடுக்கும்போது கடையிலேயே ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். காற்றுத் துளை வழியாகப் பார்க்கையில், மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் பக்கம் தீப்பொறி வளையமாகச் சுற்றினால் வேறு மெஷின் கேளுங்கள். பிட்டைச் சொருகி இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் முன்பின் நகரும், அது சரி, கழன்று கையோடு வரக் கூடாது. பக்கவாட்டுக் கைப்பிடி இல்லாமல் கொடுத்தால் வாங்காதீர்கள். கம்பியில் பிட் மாட்டினால் மெஷினே முறுக்கிக்கொள்ளும், பிட் சிக்கும்போது சுழற்சியை விடுவிக்கும் கிளட்ச் தேய்ந்திருந்தால் மணிக்கட்டுத்தான் அதைத் தாங்க வேண்டியிருக்கும். பிட்டை மட்டும் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள், 6, 8, 10 மூன்றும் போதும். வாடகைக் கடை பிட்டின் முனை பெரும்பாலும் மழுங்கியிருக்கும்.