கை எலும்பு மாடலுக்கு நாலு நட்சத்திரம், வயிற்று மாடலுக்கு ஒன்றரை

இரண்டு பொருளுக்கும் சேர்த்து ஒரே ரிவியூவாகப் போடுகிறேன். இரண்டையும் ஒரே நாளில் ஒரே ஆன்லைன் கடையில்தான் வாங்கினேன். ஒன்று, ஆள் அளவு வலது கை எலும்புக்கூடு, தோள்பட்டையிலிருந்து விரல்நுனி வரை. இன்னொன்று பாதி அளவு டார்சோ, அதாவது தலையும் உடம்பும் மட்டும், உள்ளுறுப்புகளைக் கழற்றி மாட்டலாம். கை 2,300 ரூபாய், டார்சோ 3,900. எனக்கு பிசியோதெரபி கிளினிக், வருகிறவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஒரு கை தேவைப்பட்டது. டார்சோ, நர்சிங் முதலாண்டு படிக்கும் அக்கா மகளுக்கு. கடைப் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஒரே அச்சில் வார்த்ததைப் பத்துப் பேர் பத்துப் பெயரில் விற்கிறார்கள், பெயரால் பிரயோஜனம் இல்லை.

முதலில் கை. பெட்டியைத் திறந்ததும் பிளாஸ்டிக் வாடை மூக்கைத் துளைத்தது, இரண்டு நாள் மொட்டைமாடி நிழலில் போட்டு வைத்த பிறகுதான் உள்ளே கொண்டுவர முடிந்தது. அடுத்து எண்ணிப் பார்த்தேன், ஏனென்றால் இந்த மாதிரிப் பொருளில் எண்ணாமல் விடக்கூடாது. காறை எலும்பு, தோள்பட்டை எலும்பு (ஸ்கேப்புலா), மேல்கை எலும்பு ஹியூமரஸ், முன்கையில் கட்டைவிரல் பக்கம் ரேடியஸ், சுண்டுவிரல் பக்கம் அல்னா என்று அஞ்சு, மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14, ஆக ஒரு கைக்கு 32. வாயில் எத்தனை பல்லோ அத்தனை எலும்பு என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். எனக்கு வந்தது 31. காணாமல் போனது பிசிஃபார்ம், சுண்டுவிரல் பக்கம் மணிக்கட்டில் பட்டாணி மாதிரி உட்கார்ந்திருக்குமே, அது. பெட்டி மூலையில் தெர்மாக்கோல் தூளுக்குள் கிடந்தது, இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் பெருக்கித் தள்ளியிருப்போம்.

அதை ஒட்டிவிட்டு நிமிர்ந்தால் அக்கா மகள் கேட்கிறாள், "மாமா, ஸ்கேப்புலாவோட முகடு முன்னாடியா இருக்கும்?" பார்த்தால் இடது தோள்பட்டை எலும்பைக் கொண்டுவந்து வலது கையில் மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். அந்த முகடு முதுகுப் பக்கம் இருக்க வேண்டியது, நம் தோளுக்குப் பின்னால் கை வைத்தால் தட்டுப்படும். இங்கே அது நெஞ்சைப் பார்த்து நிற்கிறது. இத்தனை வருஷம் தோள்பட்டையோடு மல்லுக்கட்டுகிற நான் கவனிக்கவில்லை, கல்லூரியில் சேர்ந்து மூன்று மாதம் ஆன பெண் கண்டுபிடித்துவிட்டாள். போட்டோ எடுத்து அனுப்பினேன், கேள்வி எதுவும் கேட்காமல் ஒன்பது நாளில் சரியானதை அனுப்பி வைத்தார்கள். அரை நட்சத்திரம் அங்கே போய், அங்கேயே திரும்பி வந்தது.

இப்போது அசல் விஷயம். கையை வாங்குவதே அது அசைவதைக் காட்டத்தான். உள்ளங்கையை மேலே பார்க்க வைத்தால் முன்கையின் இரண்டு எலும்பும் தண்டவாளம் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். கவிழ்த்தால் ரேடியஸ் அல்னாவின் மேல் குறுக்கே போய் விழும், அல்னா ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கும். சாவி திருப்புவது, தோசை திருப்புவது எல்லாம் இதுதான். ஆனால் இவர்கள் முழங்கை, மணிக்கட்டு இரண்டு முனையிலும் கம்பியால் முறுக்கிக் கட்டிவிட்டதால் கை மடங்குகிறது, திரும்பவே மாட்டேன் என்கிறது. கட்டிங் பிளேயரால் கம்பியை வெட்டிவிட்டு, தையல் கடையில் கிடைக்கும் பாவாடை எலாஸ்டிக்கைக் கோத்தேன். அரை மணி நேர வேலை. அப்புறம் ரேடியஸின் மேல்பகுதியில் உள்பக்கம் ஒரு சின்ன மேடு இருக்கும், மேல்கையின் முன்பக்கத்து பைசெப்ஸ் தசை வந்து பிடிக்கும் இடம், அதில் ஒரு சணல் நூலைக் கட்டி, கையை மடித்துக் கவிழ்த்து வைத்து இழுத்தேன். கை முதலில் மல்லாந்தது, பிறகுதான் மேலே வந்தது. பைசெப்ஸ் கையை மடக்க மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த ஒரு இழுப்பு போதும். வலது கையால் ஸ்க்ரூ முடுக்கும்போது மேல்கையைத் தொட்டுப் பாருங்கள், புடைத்துக்கொண்டு நிற்கும்.

மணிக்கட்டு எலும்புகள் எட்டும் நன்றாக வார்க்கப்பட்டிருக்கின்றன, அதற்காகவே இன்னொரு முறை வாங்குவேன். எட்டும் சேர்ந்து உள்ளங்கைப் பக்கம் ஒரு வாய்க்கால் மாதிரி வளைகின்றன. அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டி மூடி, அடியில் ஒன்பது வெள்ளை வயரும் ஒரு மஞ்சள் வயரும் நுழைத்தேன். வெள்ளை, விரல்களை மடக்கும் தசைநாண்கள். மஞ்சள், கட்டைவிரல் பக்கத்து விரல்களுக்குப் போகும் மீடியன் நரம்பு. பத்தும் நுழைந்தபின் ஒரு குண்டூசிக்குக்கூட இடமில்லை. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போய் ராத்திரி கையை உதறிக்கொண்டே எழுந்து உட்கார்கிறேன் என்று வந்த தையல்கார அம்மாவிடம் இதைக் காட்டியபோது, அவர் மஞ்சள் வயரைத் தொட்டு, "இது நசுங்குதா?" என்று கேட்டார். நான் வாயே திறக்கவில்லை. சுண்டுவிரல் ஏன் மரக்கவில்லை என்பதும் அவருக்கே புரிந்தது, அதற்குப் போகும் அல்னார் நரம்பு இந்தச் சுரங்கத்துக்குள் வருவதில்லை.

பைக்கிலிருந்து விழுந்து உள்ளங்கையை ஊன்றியவர்களுக்கு அந்த எட்டில் ஒன்றான ஸ்காஃபாய்டைக் காட்டுகிறேன். முந்திரிப்பருப்பு மாதிரி, கட்டைவிரலுக்கு அடியில். உடைந்தாலும் முதல் எக்ஸ்ரேயில் சில சமயம் தெரியாது, ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனையிலிருந்து பின்னோக்கிப் போவதால் முன்கைப் பக்கத்துத் துண்டு பட்டினி கிடந்து செத்துப்போகலாம். வெறும் சுளுக்கு என்று எண்ணெய் தடவி உருவிவிட்டு மூன்று மாதம் கழித்து வருகிறவர்கள்தான் அதிகம்.

குறை என்றால், எலும்பு மட்டும்தான் என்பது. தோள்பட்டையைச் சுற்றியுள்ள நான்கு சின்னத் தசைகளைக் காட்ட சைக்கிள் டியூப்பை வெட்டி நானே ஒட்டிக்கொண்டேன். தசையோடு கூடிய கை மாடலும் விற்கிறார்கள், விலை நாலைந்து மடங்கு. விரல் எப்படி மடங்குகிறது என்று காட்ட அவ்வளவு செலவு எதற்கு, சின்ன வயசில் கோழிக்காலை வெட்டிப் போட்டதும் வெள்ளைத் தசைநாணைப் பிடித்து இழுத்து நகத்தை மடக்கி விளையாடவில்லையா? அதே கதைதான். நம் விரல்களுக்குள்ளும் தசை கிடையாது, முன்கையில் இருந்துகொண்டு தசைநாணால் இழுக்கிறது.

டார்சோவுக்கு வருகிறேன், இங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கல்லீரல் சரியான இடத்தில், வலப்பக்கம் விலா எலும்புக்குள் ஒளிந்திருக்கிறது, அடியில் பச்சையாகப் பித்தப்பை. இரைப்பை இரண்டாகத் திறக்கிறது, உள்மடிப்புகள் தெரிகின்றன. முன்சிறுகுடலும் கணையமும் பின்சுவரோடு ஒட்டியே வருகின்றன, கழற்ற வராது. அது குறையில்லை, நிஜத்திலும் கணையமும் முன்சிறுகுடலின் பெரும்பகுதியும் பின்சுவரோடு ஒட்டித்தான் கிடக்கும்.

ஆனால் குடல்? சிறுகுடல், பெருங்குடல் எல்லாம் சேர்த்து ஒரே கட்டி, சோன்பப்டி டப்பாவைக் கவிழ்த்த மாதிரி. எடுத்தால் மொத்தமாக வருகிறது, வைத்தால் மொத்தமாக உட்கார்கிறது. மேலே தெரிகிற சிறுகுடல் வளைவுகளை நூல் வைத்து அளந்தேன், 80 சென்டிமீட்டர்கூடத் தேறவில்லை. உடம்பில் சிறுகுடல் ஏறக்குறைய 6 மீட்டர், பாதி அளவு மாடல் என்றாலும் 3 மீட்டர் வர வேண்டாமா? பின்பக்கம் திருப்பினால் வெறும் வழவழ பிளாஸ்டிக். அக்கா மகள் இதைப் பார்த்துவிட்டு, குடல் வயிற்றுக்குள் மடித்து அடுக்கப்பட்ட ஒரு பொட்டலம் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள், மாடலைப் பார்த்தால் யாருமே அப்படித்தான் நினைப்பார்கள்.

விட்டுப்போனது மெசென்டரி, குடலைத் தாங்கிப் பிடிக்கும் சவ்வு. ரத்தக்குழாய், நரம்பு, நிணநீர் எல்லாம் அதன் வழியாகத்தான் குடலுக்குப் போகிறது. அயர்லாந்தின் லிமெரிக் பல்கலைக்கழகத்து அறுவை மருத்துவர் கால்வின் காஃபி 2016இல் இதைத் தனி உறுப்பாகவே கணக்கில் எடுக்க வேண்டும் என்று எழுதியபோது செய்தித்தாள்களில் எல்லாம் வந்தது. இந்த மாடலில் அதற்கு ஒரு சொட்டு பெயின்ட்கூட இல்லை.

அதை எப்படிச் சொல்லிப் புரிய வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அக்காதான் வழி சொன்னாள். ஜாக்கெட் துணியோடு சேர்த்து ஒரு புடவை கிட்டத்தட்ட சிறுகுடல் நீளம் வரும். அதன் மேல் ஓரம் முழுவதையும் கொசுவமாக மடித்து ஒரு சாணுக்கும் குறைவான இடத்தில் பிடித்தால், கீழ் ஓரம் விசிறி மாதிரி விரிந்து வளைந்து வளைந்து தொங்கும். பிடித்த இடம்தான் மெசென்டரியின் வேர், சுமார் 15 சென்டிமீட்டர். துணி மெசென்டரி, கீழ் பார்டர் குடல். இப்போது மகளுக்குக் குடல் ஏன் இடம்விட்டு இடம் நகர்கிறது, எப்படி முறுக்கிக்கொள்ள முடியும், முறுக்கினால் ரத்தம் ஏன் நிற்கிறது எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது. நம்பிக்கை வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் சுத்தம் செய்யாத ஆட்டுக் குடலைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள், அதே விசிறி, கொழுப்போடு. ஆட்டின் வயிற்றை மட்டும் பார்க்காதீர்கள், அதற்கு நாலு அறை, பரீட்சையில் குழப்பம் வரும்.

மற்றச் சில்லறைக் குறைகள்: இரைப்பையின் முடிவுக்கும் முன்சிறுகுடலுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி, சாப்பாடு தாண்டிக் குதித்துத்தான் போக வேண்டும். எண் அட்டையில் குடல்வாலுக்குப் போட்டிருக்கும் எண் மாடலில் சிறுநீர்ப்பையின் மேல் இருக்கிறது. காந்தம் வலுவில்லை, கல்லீரல் இரண்டு முறை விழுந்து ஓரம் பெயர்ந்துவிட்டது.

திருப்பி அனுப்பும் நாள் தாண்டிவிட்டதால் டார்சோ இப்போது வரவேற்பறையில் நிற்கிறது, கழுத்தில் என் ஸ்டெதஸ்கோப்போடு. நர்சிங், பிசியோ மாணவர்கள் யாராவது கேட்டால் கை மாடலை வாங்கச் சொல்வேன், கூடவே எலாஸ்டிக் இரண்டு முழம். வயிற்றுக்கு வீட்டில் பழைய புடவை இருந்தால் போதும், பட்டு வேண்டாம், கொசுவம் நிற்காது.