பால் ரோப்சன் பழைய போட்டோ வாங்குகிறவர்கள் கொஞ்சம் பார்த்து வாங்குங்கள்

140 டாலர் போய்விட்டது. இனி திரும்பாது என்று உறுதியான பிறகுதான் இதை எழுதுகிறேன்.

ரோப்சன் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர், நடிகர். 1943-இல் நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயில், ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ' நாடகத்தில் ஒத்தெல்லோவாக நடித்தார். டெஸ்டிமோனா வேடத்தில் உடா ஹேகன். 296 காட்சிகள் ஓடிய நாடகம். வெள்ளைக்கார நடிகர்களுக்கு நடுவே ஒரு கறுப்பர் பிராட்வேயில் அந்த வேடம் போட்டது அதுதான் முதல் தடவை. ஏழே வருடத்தில், 1950-இல், அவருடைய இடதுசாரி அரசியலுக்காக அமெரிக்க அரசு அவருடைய பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டது. உள்ளூர் மேடைகளும் கதவைச் சாத்தின. பாஸ்போர்ட் திரும்பக் கிடைக்க 1958 ஆகிவிட்டது. அவர் உச்சியில் இருந்த காலத்திலேயே அச்சான போட்டோப் பிரதி என்றால் எனக்குக் கொஞ்சம் பித்து. விற்றவருக்கு அது போதுமானதாக இருந்தது.

'வின்டேஜ் படம், 1943, பின்னால் பத்திரிகை முத்திரையுடன்' என்று விளம்பரம். விற்பனைத் தளத்துக்கு வெளியே பணம் அனுப்பினால் 20 டாலர் குறைக்கிறேன் என்றார். அனுப்பினேன். (சொல்லவே வெட்கமாக இருக்கிறது.)

உறையைப் பிரித்ததும் நல்ல சந்தோஷம். இடது மேல் மூலையில் பழைய மடிப்பு ஒன்று. ஆசையாக விரலால் தடவினேன். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை, வழவழவென்று இருந்தது. மடிப்பையும் சேர்த்து அச்சடித்திருக்கிறார்கள்! பின்பக்கத்து ஊதா முத்திரையும் அப்படித்தான். பூதக்கண்ணாடி வைத்தால், கறுப்பு வெள்ளைப் படத்துக்குள் மஞ்சளும் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள். இன்க்ஜெட், அதாவது கணினி அச்சுப்பொறியின் மைப்புள்ளிகள். வெள்ளி உப்பு பூசிய தாளில் ரசாயனத்தில் கழுவி எடுத்த அந்தக் காலத்துப் பிரதியில் இந்தப் புள்ளிகள் இருக்காது. அப்புறம் இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்தேன். நீலம் போட்ட வேட்டி மாதிரி தாள் பளீரென்று ஒளிர்ந்தது. இப்படி ஒளிர வைப்பது தாளை வெள்ளையாகக் காட்டச் சேர்க்கும் வெளுப்பு மருந்து. போட்டோத் தாளில் அது பரவலாக வந்ததே 1950-களில்தான்.

தேடிப் பார்த்தால், அதே படம் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

சரி, விற்றவரிடம் கேட்டேன். "வின்டேஜ் படம் என்றுதானே போட்டோம், வின்டேஜ் பிரதி என்று எங்கே சொன்னோம்?" என்றார். படம் எடுத்த காலத்திலேயே போட்ட பிரதியைத்தான் இந்தத் தொழிலில் வின்டேஜ் என்பார்கள். அது அவருக்கும் தெரியும். விற்பனைத் தளத்தில் முறையிட்டேன். பணம் எங்கள் வழியாக வரவில்லையே என்று கைவிரித்துவிட்டார்கள்.

நேற்று வேறொரு பெயரில் அதே படம் விற்பனைக்கு வந்திருக்கிறது, 'ஒரே ஒரு பிரதி' என்று. இடது மேல் மூலையில் அதே மடிப்பு.