துலாம்பென் கப்பலா, தஹாப் பள்ளமா? கரையிலிருந்தே இறங்கும் டைவிங்

படகில் ஏறினாலே குமட்டுகிறவர்களுக்குக் கரையிலிருந்து நடந்தே இறங்கும் ஸ்கூபா டைவிங்தான் தோது. அதற்குப் பேர்போன இரண்டு ஊர்கள் பாலியின் வடகிழக்குக் கரையில் இருக்கும் துலாம்பெனும், எகிப்தின் சினாய் கரையில் இருக்கும் தஹாபும். இரண்டிலும் கைடு கூட வருவார். அவர் செய்யும் வேலைதான் வேறு: துலாம்பெனில் அவர் உங்களுக்குக் கண், தஹாபில் பிரேக்.

துலாம்பெனில் பார்க்கப்போவது யுஎஸ்ஏடி லிபர்ட்டி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலை. 1942 ஜனவரியில் லம்போக் நீரிணைப் பக்கம் ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோ தாக்கியது. இழுத்துவந்து கரையேற்றினார்கள். 1963-ல் அகுங் எரிமலை வெடித்தபோது அது மறுபடி கடலுக்குள் சரிந்துவிட்டது. அதனால் இன்று கரையிலிருந்து நாற்பது மீட்டருக்குள்ளேயே கிடக்கிறது. மேல்பகுதி 5 மீட்டர் ஆழத்தில், அடிப்பகுதி 30 மீட்டரை ஒட்டி. 18 மீட்டர் வரைதான் போகலாம் என்றிருக்கும் ஓப்பன் வாட்டர் (முதல் நிலை டைவிங் சான்றிதழ்) கார்டுக்காரர்களுக்கும் பார்க்க நிறைய மிஞ்சும்.

நெற்றி புடைத்த ராட்சதக் கிளிமீன்கள் இரவில் கப்பலுக்குள் தூங்கிவிட்டு, பொழுது விடியும்போது கூட்டமாகக் கிளம்பும். ஒரு மீட்டருக்கு மேல் வளரும் மீன் அது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் முந்தின இரவே ஊரில் தங்கிவிடுங்கள். காலை ஏற ஏற, தெற்கு பாலியிலிருந்து வேன் வேனாக ஆட்கள் வந்து இறங்கிவிடுவார்கள். பாரைக் கூட்டமும் உண்டு. நம் மீன் மார்க்கெட்டில் ஐஸில் கிடக்கும் அதே பாரை வகையறாதான், இங்கே நூற்றுக்கணக்கில் சேர்ந்து தலைக்கு மேல் சுழலும்.

ஆனால் கைடுக்குக் கொடுக்கும் காசு ஜீரணமாவது குட்டிக் கடல்குதிரையிடம்தான். இரண்டு சென்டிமீட்டர்கூட இருக்காது. பெரும்பாலும் 20 மீட்டருக்குக் கீழே, கடல் விசிறி என்ற விசிறி வடிவப் பவளத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். கைடு குச்சி நுனியால் காட்டுவார். உங்களுக்கு விசிறி முழுக்க இளஞ்சிவப்பு முண்டுகள் மட்டும்தான் தெரியும். பார்த்துக்கொண்டே இருந்தால் அதில் ஒரு முண்டு தலையைத் திருப்பும். தனியாகப் போனால் பத்து முறை கடந்து போயிருப்பீர்கள்.

சங்கடம் கரையில். மணல் கிடையாது, உருண்டைக் கருங்கற்கள். டேங்குகளை ஊர்ப் பெண்களே தலையில் சுமந்து கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள், ஆனாலும் அலையடிக்கும் நாளில் கல்லில் கால் வைப்பது முழங்காலுக்குச் சோதனை. தடித்த அடியுள்ள பூட்ஸ் கட்டாயம்.

தஹாபில் அந்தத் தொல்லை குறைவு. ஊருக்குள்ளேயே இருக்கும் லைட்ஹவுஸ் என்ற டைவிங் இடத்தில் சாப்பாட்டுக் கடை வாசலிலிருந்து இறங்கிவிடலாம். 20, 30 மீட்டர் தூரம் பளிச்சென்று தெரியும். ஆரஞ்சு ஆந்தியாஸ் மீன்கள் பவளப்பாறை முழுக்க மொய்க்கும். கண்ணைச் சுற்றித் திட்டுள்ள மஞ்சள் வண்ணத்துப்பூச்சி மீனைச் செங்கடல் பக்கம்தான் பார்க்க முடியும். இரவு டைவில் சிங்கமீன்கள் உங்கள் டார்ச் வெளிச்சத்தை வைத்தே வேட்டையாடும். உப்பு அதிகம், லிட்டருக்கு 40 கிராம் அளவு. மூழ்குவதற்காகப் பாலியில் கட்டிய ஈய வெயிட்டையே இங்கும் கட்டினால் உடம்பு மேலே மேலே மிதக்கும்.

எல்லோரும் கேட்பது ப்ளூ ஹோலைத்தான், கரையை ஒட்டிப் பவளப்பாறையில் இருக்கும் ஆழமான பள்ளம் அது. ஆழம் 100 மீட்டர் பக்கம். 55 மீட்டரில் வெளிக்கடலுக்குத் திறக்கும் பாறை வளைவு. பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையே 40 மீட்டர். தண்ணீர் தெளிவாக இருப்பதால் வளைவு கிட்டே இருப்பதுபோல் தோன்றும், ஆழத்தில் நைட்ரஜன் மூளையை மந்தமாக்கும். அங்கே இறந்தவர்களின் நினைவுக் கற்கள் கரைப் பாறையில் வரிசையாகப் பதித்திருக்கின்றன. பக்கத்தில் பெல்ஸ் என்ற பாறைப் பிளவில் இறங்கி, வெளிச் சுவரை ஒட்டி வந்து, 7 மீட்டர் ஆழத்தில் இருக்கும் மேட்டைத் தாண்டிப் பள்ளத்துக்குள் வரும் வழியே போதும். அதற்கும் அடுத்த நிலையான அட்வான்ஸ்டு கார்டு இருப்பது நல்லது. வளைவுக்குக் கூட்டிப்போகிறேன் என்று எந்தக் கைடாவது ஆசை காட்டினால் ஆளை மாற்றுங்கள்.

என் ஓட்டு: புதிதாகக் கார்டு வாங்கியவர்கள் துலாம்பென் போங்கள். தண்ணீர் 27 டிகிரி சுமாருக்கு இருக்கும், மெல்லிய சூட் போதும். மழைக்கால ஜனவரி, பிப்ரவரியை மட்டும் தவிருங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும், சுவர் போல் இறங்கும் பவளப்பாறையில் ஆசை உள்ளவர்களுக்கும் தஹாப். குளிர்காலத்தில் அங்கே 21, 22 டிகிரிக்கு இறங்கும், 5 மில்லிமீட்டர் சூட் வேண்டும்.

இரண்டு ஊரிலும் பக்கத்திலேயே மலை. தஹாபில் மாலை டைவ் முடித்து அன்றிரவே 2,285 மீட்டர் சினாய் மலை ஏறக் கிளம்புவதும், துலாம்பெனிலிருந்து நேராகக் கிந்தாமணி என்ற மலைமேட்டு ஊருக்கு வண்டி விடுவதும் ஆபத்து. உடம்பில் கரைந்த நைட்ரஜன் உயரத்தில் குமிழாகும். நடுவில் 18 மணி நேரமாவது விட்டுக் கிளம்புங்கள்.