மேற்கோள் எண் அப்படியே, சொல் மட்டும் வேறு: விக்கிப்பீடியாவின் ஜானர் வரி, நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

ஆல்பம் கட்டுரையில் ஜானரை, அதாவது இசை வகையைத் திருத்தினால் உடனே யாரோ வந்து பழையபடி ஆக்கிவிடுகிறார்களே, ஏன் என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒரு வரியில் சொல்லி முடிகிற பதில் இல்லை. ஆங்கில விக்கிப்பீடியாவில் ஆல்பம், பாட்டு, இசைக்குழு என்று எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் வலது பக்கத் தகவற்சட்டத்தில் பெரும்பாலும் ‘ஜானர்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒற்றை வரியைப் பற்றித்தான் இங்கே பேச்சு. கணக்குத் திறப்பது, மேற்கோள் சேர்ப்பது, பேச்சுப் பக்கம் எல்லாம் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

எரிச்சலை முதலில் சொல்லிவிடுகிறேன். சான்றே இல்லாமல் ஒருவர் ‘த்ராஷ் மெட்டல்’ என்று சேர்த்துவிட்டுப் போனால் அது பெரிய தொல்லை இல்லை. பார்த்ததும் தெரியும், நீக்கிவிடலாம். மேற்கோள் எண்ணைத் தொடாமல் அதற்கு முன்னால் நிற்கும் சொல்லை மட்டும் மாற்றுவதுதான் தொல்லை. ஒருவர் ‘பாப் ராக்’ என்று எழுதி, ஒரு விமர்சனத்தைப் படித்து, அதைச் சான்றாகக் கொடுத்திருப்பார். இன்னொருவர் வந்து ராக்கை எடுத்துவிட்டு பங்க்கை வைப்பார். பக்கத்தில் உள்ள [3] அப்படியே நிற்கும். ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டுமே இடைவெளியோடு சேர்த்து 8 எழுத்து. நாம் கண்காணிக்கும் கட்டுரைகளின் மாற்றங்களைக் காட்டும் கவனிப்புப் பட்டியலில், பைட் மாற்றம் (கட்டுரையின் அளவு எவ்வளவு கூடியது, குறைந்தது) என்ற இடத்தில் 0 என்று விழும். கூடினால் பச்சை, குறைந்தால் சிவப்பு. இதற்கு இரண்டும் கிடையாது, சாம்பல் நிறத்தில் ஒரு பூஜ்யம். மேற்கோளையே நீக்கியிருந்தாலாவது கண்ணில் பட்டிருக்கும். இதில் எந்தத் தடயமும் இல்லை. அந்த நிமிடத்திலிருந்து, விமர்சகர் சொல்லாததைச் சொன்னதாகக் கட்டுரை சாதிக்கிறது. படிக்கிறவர் எண்ணைப் பார்த்து நம்புகிறார். சான்றில்லாத வரியைவிட இது மோசம். ஒருவர் கையெழுத்தை இன்னொருவர் போடுவதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

பிடிக்க ஒரே வழி சான்றைத் திறந்து படிப்பது. மேற்கோளில் காப்பக இணைப்பு இருந்தால் அதைத் திறந்து, அந்தச் சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். அந்தச் சொல் அங்கே இல்லையென்றால் கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்துக்குப் போய், மேலே இருக்கும் விக்கிபிளேம் என்ற தேடும் கருவியின் இணைப்பைச் சொடுக்கி அதே சொல்லைக் கொடுத்தால், அது எந்தத் தொகுப்பில் (திருத்தத்தில்) உள்ளே வந்தது என்று காட்டும். வெறுமனே ‘பங்க்’ என்று கொடுத்தால் கட்டுரையில் இருக்கும் பங்க் எல்லாம் குறுக்கே வரும். இரட்டைச் சதுர அடைப்போடு, தகவற்சட்டத்தில் உள்ளபடியே கொடுங்கள். அதற்கு முந்தைய வடிவத்தில் என்ன இருந்தது என்று பார்த்து, அந்தச் சொல்லாவது சான்றில் இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகுதான் பழையபடி மீளமைக்க வேண்டும். இந்தக் கடைசிப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். முந்தைய சொல்லும் யாரோ மாற்றியதாக இருக்கலாம். இரண்டு மூன்று அடுக்கு தோண்டிய பிறகே, சான்றை முதலில் சேர்த்தவர் எழுதிய சொல் கைக்கு வரும்.

இவ்வளவு வேலைக்கும் ஒரு மருந்து, மேற்கோள் விவரங்களை நிரப்பும் வார்ப்புருவுக்குள்ளேயே இருக்கிறது. ‘கோட்’ (quote) என்று ஓர் அளவுரு, அதாவது நிரப்ப வேண்டிய ஓர் இடம். இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். விமர்சகர் ஜானரைச் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அப்படியே அதில் போட்டால், அடிக்குறிப்பில் அது தெரியும். பிறகு யார் மாற்றினாலும் மேலே ஒரு சொல், கீழே வேறொரு சொல் என்று பல்லை இளித்துவிடும். சந்தா கட்டினால்தான் திறக்கும் பழைய நாளிதழ் என்றாலும், சரிபார்க்க வருகிறவர் திண்டாட வேண்டியதில்லை. ஒரு வாக்கியத்துக்கு மேல் போகாதீர்கள், காப்புரிமைச் சிக்கல் வரும். பழைய இதழ்களுக்கு விக்கிப்பீடியா நூலகம் இருக்கிறது: 500 தொகுப்பு, 6 மாதக் கணக்கு, கடந்த 30 நாளில் 10 தொகுப்பு, தடை எதுவும் இல்லாமை, இவ்வளவு இருந்தால் புரோகுவெஸ்ட், ஜேஸ்டோர் போன்ற சந்தாத் தளங்கள் இலவசம். அமெரிக்க இசைப் பத்திரிகையான பில்போர்டின் பழைய இதழ்கள் கூகுள் புக்ஸில் பக்கம் பக்கமாகப் படிக்கக் கிடைக்கின்றன. கையில் காசில்லாத தொகுப்பாளருக்கு இதைவிட என்ன வேண்டும்?

சண்டைகளில் அடிக்கடி அடிபடும் பெயர் ஆல்மியூசிக் என்ற இசைத் தகவல் தளம். அதன் ஆல்பம் பக்கத்தில் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று, பெயர் போட்டு ஒரு விமர்சகர் எழுதிய விமர்சனம். இன்னொன்று, ஓரத்தில் ஜானர், ஸ்டைல் என்று அடுக்கியிருக்கும் பட்டியல். விமர்சனத்தைச் சான்றாகக் காட்டலாம். ஓரப்பட்டியலைக் காட்டக் கூடாது. அது விமர்சனத்திலிருந்து வருவது இல்லை, வேறு இடத்திலிருந்து வந்து ஒட்டுவது. ஒரே இணைப்பு, ஒரே பக்கம் என்பதால் ‘ஆல்மியூசிக்கில் இருக்கிறதே’ என்று இரு தரப்பும் உண்மையையே சொல்லிக்கொண்டு சண்டை போடும். ரேட் யுவர் மியூசிக், டிஸ்காக்ஸ், மெட்டல் ஆர்க்கைவ்ஸ் ஆகிய மூன்று தளங்களும் பயனர்கள் நிரப்புபவை, வேலைக்கு ஆகாது. ஸ்புட்னிக்மியூசிக்கில் ஊழியர் எழுதிய விமர்சனம் மட்டும் செல்லும், பக்கத்திலேயே இருக்கும் பயனர் விமர்சனம் செல்லாது.

சான்று சரியாக இருந்தும் சறுக்குவது ‘ஜாஸ் சாயல்’, ‘பங்க் வேகம்’ போன்ற சொற்றொடர்களில். சாயல் இருக்கிறது என்று விமர்சகர் சொன்னால் அது ஜாஸ் ஆல்பம் ஆகாது. நாலாவது பாட்டைப் பற்றிச் சொன்னதை முழு ஆல்பத்துக்கும், குழுவைப் பற்றிச் சொன்னதை ஓர் ஆல்பத்துக்கும் ஏற்றக் கூடாது. ஒருவர் ‘கோதிக்’ என்றும் இன்னொருவர் ‘மெட்டல்’ என்றும் சொன்னதை ஒட்டி ‘கோதிக் மெட்டல்’ ஆக்குவதும் தவறு. விற்பனைப் பட்டியலும் ஜானருக்குச் சான்று ஆகாது. லில் நாஸ் எக்ஸின் ‘ஓல்ட் டவுன் ரோடு’ பாட்டை 2019 மார்ச்சில் பில்போர்டு தன் கன்ட்ரி பட்டியலிலிருந்து எடுத்தது. அதே பாட்டு, எல்லா வகைப் பாட்டுகளும் வரும் ஹாட் 100 பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் இருந்தது. பட்டியலில் சேர்த்ததோ எடுத்ததோ அந்தப் பத்திரிகையின் வகைப்படுத்தும் முடிவு. அந்த முடிவைப் பற்றி விமர்சகர்கள் எழுதியதைத்தான் சான்றாகக் கொள்ள வேண்டும்.

கலைஞர் மறுத்தால்? மோட்டர்ஹெட் இசைக்குழுவின் பாடகர் லெம்மி, தாங்கள் வாசிப்பது ராக் அண்ட் ரோல் என்று மேடைக்கு மேடை சொன்னவர். விமர்சகர்கள் ஹெவி மெட்டல் என்றே எழுதினார்கள். 1973-ல் சிட்னியில் தொடங்கிய ஏசி/டிசி குழுவின் கதையும் அதேதான்: எழுதுகிறவர்களுக்கு ஹார்ட் ராக், புளூஸ் ராக், ஹெவி மெட்டல், குழுவினருக்கு வெறும் ராக் அண்ட் ரோல். கட்டுரையின் உரைநடையில் இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில், யார் சொன்னது என்று பெயரோடு எழுதிவிட முடியும். தகவற்சட்ட வரியில் முடியாது. அங்கே ‘ஆனால்’ என்ற சொல்லுக்கு இடமே இல்லை.

நம் பக்கம் இதன் தங்கை ராகச் சண்டை. ராகக் கட்டுரைகளின் கீழே திரைப்பாடல் அட்டவணை நீண்டுகொண்டே போகும், பெரும்பாலும் சான்றில்லாமல். காதால் கேட்டு ராகம் சொல்வது ரசிகருக்கு அழகு; விக்கிப்பீடியாவில் அது சொந்த ஆய்வு, அதற்கு அனுமதி இல்லை. ராகத்தில் இல்லாத அன்னிய ஸ்வரம் ஒன்று நுழைந்தாலே இருவர் இரண்டு பெயர் சொல்வார்கள். தி இந்து நாளிதழில் சாருலதா மணி ராகம் ராகமாக எழுதிய தொடர் போன்றவைதான் இங்கே கைகொடுக்கும். விக்கிப்பீடியாவின் தரவுக் களஞ்சியமான விக்கித்தரவிலிருந்து தானாக இழுக்கும் தகவற்சட்டம் என்றால் இன்னும் கவனம் தேவை. அங்கே பி136 என்ற ஜானர் பண்புக்குக் கீழே ‘ஆங்கில விக்கிப்பீடியாவிலிருந்து இறக்கியது’ என்று இருந்தால் அதைச் சான்றாக எண்ண வேண்டாம்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். ஜானரை மாற்றுகிறவர்கள் எல்லாம் விஷமிகள் இல்லை. பலருக்கு அந்த இசை, அதை மீளமைக்கிறவரைவிட நன்றாகத் தெரியும். அவர்கள் காது சரியாக இருக்கலாம், பழைய விமர்சகர் தவறாக எழுதியிருக்கலாம். அவர்களைப் பேச்சுப் பக்கத்துக்கு அழைத்து, இந்தச் சொல்லோடு ஒரு விமர்சனம் கொண்டு வாருங்கள் என்று கேட்டால் தேடிக் கொண்டு வருகிறவர்கள் உண்டு. எச்சரிக்கை வார்ப்புருவை ஒட்டிவிட்டு ஓடுவது அவர்களை விரட்டுகிறது. 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால், சான்று உங்கள் பக்கம் இருந்தாலும் தடை உங்களுக்கும் வரும்.

கருவிகள் நல்லவை, விதிகள் தெளிவானவை, நூலகம் அருமை. இருந்தும் நண்பருக்கு என் பதில்: அந்த வரியில் எதையும் போடாதீர்கள். பழைய கட்டுரையில் ‘கோட்’ அளவுருவை நிரப்பிக் காப்பாற்றுங்கள். புதிதாக ஆல்பம் கட்டுரை தொடங்கினால் இசையைப் பற்றிய பகுதியில், இன்ன விமர்சகர் இன்ன ஆண்டில் இப்படிச் சொன்னார், இன்னொருவர் மறுத்தார் என்று நாலு வாக்கியம் எழுதுங்கள். ஜானர் அளவுருவை வெறுமையாக விட்டால் தகவற்சட்டத்தில் அந்த வரியே தோன்றாது. பாப் ராக்கைப் பாப் பங்க் ஆக்க வருகிறவருக்கு அங்கே மாற்றுவதற்குச் சொல் இருக்காது.